தடிச் சக்கரம்

பட்டாளத்து மோட்டார்ப் பட்டறையில் நான்கு வருஷம் இருந்த பொன்னுச்சாமிக்கு, போர்க்கால ஸ்டேஷன் வாகன்களை வகை பிரிப்பதில் கர்வம் உண்டு. மரக்கூடு கட்டிய அந்த வண்டிகள் ஏலத்தில் வந்து ராமநாதபுரம் கரையில் ஓடிக்கொண்டிருந்தன; அவற்றைப் பழுதுபார்ப்பவன் அவன்தான். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். குட்டையான தடிச் சக்கரமும் வெறுந்தகட்டு டாஷ்போர்டும் இருந்தால் பட்டாளத்துக்கென்றே செய்த வண்டி. ஒல்லிச் சக்கரமும் கடிகாரம் பதித்த டாஷ்போர்டும் என்றால், ஊர்வண்டியைப் பட்டாளம் எடுத்துக்கொண்டது. இரண்டையும் பார்க்காமல் சொல்லக்கூடாது என்பான்.

"பல்லப் புடிச்சுப் பாத்தாத்தான் அண்ணனுக்கு மாடு எந்தூருன்னு தெரியும்" என்று டிரைவர் சீனி முகம்மது கேலி செய்வான்.

ஐம்பத்தைந்தாம் வருஷப் புயலில் இரண்டு வண்டிகள் திரும்பவில்லை. கடிகார வண்டி சீனி முகம்மது ஓட்டியது. பட்டாள வண்டி செல்லச்சாமி ஓட்டியது. ஐந்தாம் நாள் காரங்காட்டுச் சேற்றில் ஒரு வண்டி அகப்பட்டது. மரக்கூடு இல்லை, நம்பர் பலகை இல்லை. உள்ளே கிடந்த உடல் அடையாளம் தெரியாமல் ஊறிப்போயிருந்ததால் ஊரார் அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

சீனி முகம்மதின் மனைவி தாஜுன்னிசா பெரியபட்டினத்திலிருந்து வந்து நின்றாள். செத்தது கணவன் என்றால் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்கவேண்டும், அன்னிய ஆண் கண்ணில் படாமல். இல்லையென்றால் தேடவேண்டும்.

"பாத்துச் சொல்லுங்கண்ணே."

நாற்றம் தாங்காமல் பொன்னுச்சாமி எட்ட நின்றே சொன்னான்: "தடிச் சக்கரம். இது செல்லச்சாமி வண்டி, தங்கச்சி."

அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தாள். செல்லச்சாமியின் மனைவி இருளம்மாள் தாலியைக் கழற்றினாள்.

பத்து நாள் கழித்து இஞ்சினை எடுக்கப் போனவன் டாஷ்போர்டின் சேற்றை வழித்தான். கடிகாரம் இருந்தது. முந்தின வருஷம், மணல் வழிக்கு வேண்டுமென்று சீனி முகம்மது கெஞ்சியதால், இரண்டு வண்டிகளின் அச்சுகளையும் சக்கரத்தோடு மாற்றிப் போட்டது பொன்னுச்சாமியேதான். கை செய்ததை அறிவு மறந்திருந்தது. அந்த அறிவைத்தான் அவன் நம்பியிருந்தான்.

அவன் பெரியபட்டினம் போனபோது தாஜுன்னிசா வாசலுக்கே ஓடிவந்தாள். "சேதி கெடச்சுச்சாண்ணே?"

"அது சீனி வண்டிதான், தங்கச்சி. நான் சரியாப் பாக்கல."

அவள் அழவில்லை. "இத்தன நாளும் ஒவ்வொரு ஆம்பள மொகமாப் பாத்துப் பாத்துத் தேடுனேனே" என்றாள். பிறகு, "இருளம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?"

"இனிமேத்தான்."

"போயிச் சொல்லுங்க. இங்கன இனி வராதீக. நான் உங்க முன்னால நிக்கக்கூடாது."

கதவு சாத்திக்கொண்டது. பொன்னுச்சாமி இருளம்மாளின் ஊருக்கு நடந்தான். புதைத்தது செல்லச்சாமியை அல்ல என்று சொல்லலாம். செல்லச்சாமி உயிரோடு இருக்கிறான் என்று சொல்ல அவனிடம் ஒன்றும் இல்லை.