கடுகுமஞ்சள் கரை

சென்னை வெயிலில் கழுத்தைச் சுற்றிப் பட்டுத்துணி கட்டிக்கொள்ள யாருக்கும் தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, தொண்ணூறுகளின் நடுவில் பாண்டி பஜார் நடைபாதையில், ஏற்றுமதிக்குத் தேறாமல் ஒதுக்கப்பட்ட பட்டு ஸ்கார்ஃபுகள் பனியன்களுக்கும் பாவாடை நாடாக்களுக்கும் இடையே கேட்பாரற்றுக் கிடந்தன. நான் அவற்றைச் சேர்க்கத் தொடங்கினேன், கட்டிக்கொள்வதற்காக அல்ல, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்காக.

சமூகப் பணியில் மேற்படிப்பு முடித்து, தேனாம்பேட்டையில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆசைப்பட்டு வாங்கும் பொருளுக்கும் ஒரு நியாயம் தேடும் வயது. அந்த நியாயத்தை ஸ்கார்ஃப் விற்றவரே கொடுத்தார். கரையின் ஒரு மூலையில் பொடி எழுத்தில் இருப்பது, அதை அச்சிட்ட பெண்ணின் பெயர் என்றார். எனக்குப் படிக்கத் தெரியாத வடநாட்டு எழுத்து. முகம் தெரியாத ஒருத்தியின் கைவேலையை அவள் பெயரோடு மரியாதையான இடத்தில் வைக்கிறேன் என்று அதன்பின் எல்லோருக்கும் விளக்கம் சொல்லத் தொடங்கினேன்.

அடையாறில், நான்கு வீடுகள் கொண்ட அடுக்ககத்தின் முதல் மாடியில் நானும் கணவரும் குடியிருந்தோம். எங்கள் வீட்டிலும் கீழ் வீட்டிலும் வேலை செய்த பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். கோட்டூர்புரம் குடியிருப்பிலிருந்து நடந்தே வருவார். என் விளக்கத்தை முழுதாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "கர்ச்சீப்புக்குப் போய் கண்ணாடி போட்டு வச்சிக்கீறியே, தொலைஞ்சி பூடும்னு பயமா?" பிறகு சிரித்துக்கொண்டே ஸ்டூலில் ஏறி அந்தக் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைப்பார்.

சட்டங்கள் மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பின்புறச் சந்தில் இருந்த கடையில் போட்டவை. சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடை. முதல் மூன்று ஸ்கார்ஃபுகளை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்ப வாங்கிவர நேரமில்லாததால் சீட்டைக் கொடுத்து வேலைக்கார அம்மாவை அனுப்பினேன். ஆட்டோவில், மடியில் குழந்தையைப் போல வைத்துக் கொண்டுவந்தார். கருநீல ஸ்கார்ஃபுக்குச் சிவப்புப் புள்ளியிட்ட கடுகுமஞ்சள் கரை. சட்டத்துக்குள் அந்தக் கரையைக் காணவில்லை. நீலம் மட்டும் வெள்ளை அட்டையின் நடுவே தெரிந்தது. கரை அட்டைக்கு உள்பக்கம் மடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அழகாகவே இருந்தது.

ஆறேழு மாதம் கழித்து, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அவர் எங்களுக்குக் கூழ் கொண்டுவந்தார். அவர்கள் தெரு அம்மன் கோயிலில் ஊற்றியது. தலை நிறையப் பூ, மஞ்சள் பூசிய முகம், புது ரவிக்கை. தூக்குச்சட்டியை என்னிடம் நீட்டிய கையைப் பார்த்தேன். ரவிக்கைக் கையின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்குக் கடுகுமஞ்சள் பட்டு. அதில் சிவப்புப் புள்ளிகள். என் கருநீல ஸ்கார்ஃபின் கரை.

"கூழு சூடா கீதும்மா, ஆற வச்சி குடி" என்றார். சரி என்றேன். தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டேன்.

அவர் போனதும் பெட்டியைத் திறந்தேன். சட்டம் போடாத ஸ்கார்ஃபுகள் அதில்தான் இருந்தன. கருநீலம் இல்லை. சுவரில் இருப்பதன் கரை அட்டைக்குள் மடிந்திருக்கிறது என்றால், ரவிக்கையில் இருப்பது இன்னொன்றின் கரை. இரண்டு வாங்கினேனா, ஒன்றுதானா? நடைபாதைக் குவியலில் ஒரே மாதிரி நான்கைந்து கிடந்தது நினைவிருந்தது. எத்தனை எடுத்தேன் என்பது நினைவில் இல்லை. முதல் நாள் ஒன்று என்று தோன்றியது. மறுநாள் இரண்டு என்றே தோன்றியது. மூன்றாம் நாள், இரண்டாவதைக் கையில் பிரித்துப் பார்த்த ஞாபகமே வந்துவிட்டது.

அதன்பின் கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாயிற்று. பெட்டி இருந்த அறையை அவர் கூட்ட அதிக நேரம் எடுத்தார். தன் மூங்கில் கூடையைத் துணியால் மூடி எடுத்துப்போனார். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார், அல்லது அதிகம் பேசினார். பெட்டியின் மேல் ஒரு பத்திரிகையைக் கோணலாக வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். மாலையில் வந்து பார்த்தால் அது நேராக இருக்கும். துடைக்கிறவர் நேராக வைக்கத்தானே செய்வார் என்று அப்போது எனக்குப் படவில்லை.

நேரே கேட்டிருக்கலாம். கேட்காததற்கு நான் வைத்திருந்த காரணம் அந்த நாளில் எனக்கு உயர்ந்ததாகத் தெரிந்தது. வீட்டுவேலை செய்யும் பெண்களின் வார விடுமுறைக்காக எங்கள் நிறுவனம் வெளியிட்ட துண்டறிக்கையை எழுதியவளே நான்தான். ஒரு வீட்டில் திருட்டு என்ற சொல் எழுந்தால் தெருவே கதவைச் சாத்திக்கொள்ளும் என்பதைப் பல பெண்கள் சொல்லக் கேட்டு எழுதியிருந்தேன். கேள்வியே ஒரு குற்றச்சாட்டாகிவிடும் என்று அஞ்சினேன். ஆகவே, முதலில் உறுதிப்படுத்திக்கொள்வோம் என்று கீழ் வீட்டு மாமியிடம் போனேன். மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்து, ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். சாவியை வேலைக்கார அம்மாவிடமே கொடுத்துவிட்டுக் கச்சேரிக்குப் போகிறவர்.

"உங்க வீட்டுல ஏதாவது பொருள் காணாம போயிருக்கா மாமி? சும்மாதான் கேக்கறேன்" என்றேன். பெயர் எதையும் சொல்லவில்லை. மாமி என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இல்லையே என்றார்.

பத்து நாளில் மாமி வேலைக்கார அம்மாவை நிறுத்திவிட்டார். காரணம் கேட்டதற்கு, வாஷிங் மெஷின் வாங்கப்போகிறோம் என்று சொன்னாராம். இதை என்னிடம் சொல்லும்போது அந்த அம்மா பாத்திரத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. மெஷின் கூட்டிப் பெருக்குமா என்று மட்டும் கேட்டார். மாமிக்கும் ஏதோ தொலைந்திருக்க வேண்டும் என்றே அன்று நான் முடிவு செய்தேன். என் கேள்விக்கு அவருடைய செயல் சாட்சியாகிவிட்டது.

அந்த வாரம் இன்னொரு ஸ்கார்ஃபுடன் மயிலாப்பூர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு காலண்டர் முருகனைப் பலகையில் விரித்து, அடியில் அச்சிட்டிருந்த ஜவுளிக்கடைப் பெயரை வெட்டிக்கொண்டிருந்தார். அந்தத் துண்டு சுருண்டு தரையில் விழுந்தது. படம் சமமாக வர மற்ற மூன்று பக்கத்திலும் அதே அளவுக்கு வெட்டினார். அவர் கத்தரிக்கோலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் ஸ்கார்ஃபுகளையும் இப்படி வெட்டினீர்களா என்று கேட்டேன்.

"ஆமாம்மா. ஓரத்துல கம்பெனி பேரு இருந்துச்சு. சாமியோ பூவோ, விளம்பரத்தோட எவன் வீட்ல மாட்டுவான்?" தன் வேலையில் குறை சொல்ல வந்திருக்கிறேனோ என்று அவர் முகம் மாறியது. "துண்டு நல்ல பட்டா இருந்துச்சேன்னு, எடுக்க வந்த அம்மாகிட்டயே குடுத்தேன். வேஸ்ட்டுதானேன்னு அதுவும் வாங்கிக்கிச்சு."

கொண்டுபோன ஸ்கார்ஃபைக் கொடுக்காமல் திரும்பினேன். நான் மரியாதை செய்வதாகச் சொல்லிக்கொண்டிருந்த பெயர் ஆறேழு மாதமாக என் சுவரில் இல்லை. அதை நான் ஒருமுறைகூடத் தேடவில்லை. தேடியதெல்லாம் வேறொருவர் கூடையில்.

மறுநாள் காலை வேலைக்கார அம்மாவை உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன், மாமியிடம் கேட்டதையும் சேர்த்து. அவர் உட்காரவில்லை. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டார்.

"நீ பொட்டியத் தொறந்து தொறந்து பாக்கும்போதே நெனச்சேன். ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா சொல்லியிருப்பேன்ல?" குரல் உயரவில்லை. "என்கிட்ட சொல்லி இன்னா பண்றது. கீய போய் அந்தம்மாகிட்ட சொல்லு."

உடனே போனேன். மாமி பூஜை முடித்து ஹிந்து பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பாவம் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீ ஒண்ணும் சொல்லலையே, கேட்டே, அவ்ளோதானே. ஆனா அன்னியிலேர்ந்து அவ ஆத்துக்குள்ள வந்தாலே நான் பின்னாடியே போய் நின்னுண்டிருந்தேன். எனக்கே பிடிக்கலை. இப்போ வேற ஒருத்திய வரச் சொல்லிட்டேன், என்ன பண்றது?" எவ்வளவோ பேசிப் பார்த்தேன். வரச் சொன்னவளிடம் இனி எப்படி வேண்டாம் என்பது என்று கேட்டார்.

அடுத்த தெருவில் ஒரு வீட்டில் வேலைக்கார அம்மாவைச் சேர்த்துவிடப் போனேன். நம்பிக்கையானவரா என்று கேட்டார்கள். மிகவும் நம்பிக்கையானவர், சத்தியமாக நம்பலாம், எந்தப் பயமும் வேண்டாம் என்று அடுக்கினேன். அடுக்க அடுக்க, கேட்டவர் முகத்தில் ஒரு யோசனை படர்வதைப் பார்த்தேன். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவில்லை. இரண்டு மாதம் கழித்து, தன் முயற்சியில் அவரே கஸ்தூரிபா நகரில் வேலைக்கு ஒரு வீடு பிடித்துக்கொண்டார்.

எங்கள் வீட்டு வேலையை அவர் விடவில்லை. நேரத்துக்கு வந்தார், முன்போல் சுத்தமாகவே செய்தார். நான் எல்லாவற்றையும் சொன்ன அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, அவர் மற்ற இடமெல்லாம் துடைத்து முடித்த பிறகும் ஸ்டூல் இருந்த இடத்திலேயே இருந்தது. கண்ணாடி துடைக்கவில்லையா என்று கேட்கத் தயங்கி நின்றேன். அவரே சொன்னார்.

"அத்த மட்டும் நீயே தொடச்சிக்கோம்மா. அங்க நான் கை வெக்க மாட்டேன்."

அன்றும், அந்த வீட்டில் இருந்த ஆண்டுகள் முழுவதும், வெள்ளிக்கிழமைகளில் ஸ்டூலைப் போட்டு நானே ஏறினேன். அவர் கூடத்தைக் கடந்துபோகும்போது அந்தச் சுவர்ப்பக்கம் பார்க்காமலே போவார். கூடையை மட்டும், துணியை விலக்கித் திறந்தபடி, வாசலில் நான் பார்க்கும் இடத்தில் வைத்திருப்பார்.