பல் பார்த்து வாங்கிய டயர்

கூமாப்பட்டி மாட்டுத் தரகர் இருளப்பசாமிக்கு ஜெபதுரை தர வேண்டியிருந்த கடன் முந்நூற்று நாற்பது ரூபாய். நோட்டு எழுதி வாங்கிய கடன் அல்ல, சாட்சி வைத்து வாங்கியதும் அல்ல. துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசிய கடன். மாட்டுச் சந்தையில் விலை அப்படித்தான் பேசுவார்கள். இரண்டு பேர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். சின்ன உருப்படி என்றால் முதல் பிடியில் விரலுக்குப் பத்து ரூபாய், அடுத்த பிடியில் விரலுக்கு ஒன்று. பெரிய உருப்படி என்றால் முதல் பிடி நூறு, அடுத்தது பத்து. எது சின்னது, எது பெரியது என்பது பிடிக்கிற இரண்டு பேருக்குத் தெரியும். மூன்றாம் ஆளுக்குத் தெரியாது.

ஜெபதுரை ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாட்டு வண்டியில் ஏறியவன். ராஜபாளையத்து மில்லிலிருந்து ரயிலடிக்கு நூல் சிப்பம் ஏற்றி ஏற்றிக் காசு சேர்த்தான். எவனிடமும் போய்க் கை கட்டி நிற்கவில்லை. யாரோ ஒரு வக்கீல் ஓடாது என்று தள்ளிவைத்திருந்த பழைய பிளசர் காரை வாங்கி, பின்பக்கத்தை அறுத்தெறிந்து, வேப்பம்பலகையில் பெட்டி அடித்தான். ஊரில் அதற்கு அரை லாரி என்று பெயர். மில் முதலாளி வீட்டுப் பிள்ளைகளே டிரைவர் வைத்து ஓட்டிய காலத்தில், யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவனே ஓட்டினான். முதல் நாள் கிணற்று மேட்டில் மோதினான் என்பதும் உண்மைதான். அடுத்த நாள் மோதவில்லை.

அந்த வண்டிக்கு இரண்டு பிழைப்பு. வாரத்தில் பாதி நாள் ராஜபாளையத்து ரோட்டில் நூல் சிப்பம். மீதி நாள் செண்பகத்தோப்புக் காட்டுக்குள் போய்க் கரி மூட்டை. ரோட்டுக்கு ஏற்ற கோடு போட்ட டயர் ஓடை மணலில் ஏறாது, நின்ற இடத்திலேயே சுற்றும். காட்டுக்கு ஏற்ற, கட்டை கட்டையாகப் புடைத்த பட்டன் டயர் ரோட்டில் உறுமிக்கொண்டே தேயும். இரண்டு தடத்துக்கும் ஒரே டயர் வேண்டும். உலகச் சண்டைக் காலத்தில் புது டயரே கிடைக்காமல், மொட்டை டயருக்குள் பழைய டயர்த் துண்டை வைத்துத் தைத்து ஓட்டினான். சண்டை முடிந்ததும், பட்டாளத்துச் சாமான்களை மதுரையில் மலிவாகத் தள்ளுகிறார்கள் என்று சேதி வந்தது.

கையில் பணம் இல்லை. இருளப்பசாமியிடம் போனான். வண்டி மாடு வைத்திருந்த நாளிலிருந்து பழக்கம். அவன் வாங்கிய மாடு எல்லாம் அவர் பல் பார்த்துக் கொடுத்ததுதான், ஒன்றுகூடச் சோடை போனதில்லை. பணம் தருகிறேன், ஆனால் கூட வருவேன் என்றார் அவர். இரண்டு பேருமாக மதுரைக்குப் போனார்கள்.

வெட்டவெளியில் மலை மாதிரி டயர் குவிந்து கிடந்தது. ஜெபதுரை தேய்ந்ததாக இரண்டைப் புரட்டினான். தரகர் அவன் கையைத் தட்டிவிட்டு, உச்சியில் கிடந்த நான்கை இறக்கச் சொன்னார். பட்டன் ஒன்றுகூடத் தேயவில்லை. விரலை உள்ளே விட்டால் முதல் கணு வரைக்கும் போயிற்று.

"ஏலே, வாயைத் தொறந்து பல்லைப் பாரு. ஒத்தப் பல்லு தேயல. இது இன்னும் கன்னுக்குட்டிலே."

அவனுக்கும் அதுதான் சரி என்று பட்டது. மாட்டுக்கு வயது பல்லில் தெரியும். டயருக்கும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று, மாடு பார்த்த இரண்டு பேரும் நினைத்தார்கள். எத்தனை கோடை அந்த டயர்கள் வெயிலில் காய்ந்து கிடந்தன என்று கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. தரகர் பணத்தைக் கட்டினார். திரும்பி வரும்போது ரயிலில் துண்டைப் போட்டு அவன் கையைப் பிடித்தார். முதலில் மூன்று விரல், பிறகு நான்கு. தலையாட்டினான். வட்டி பேசவில்லை.

வைகாசியில் செண்பகத்தோப்பு ஓடையில் முதல் டயர் வெடித்தது. கரி மூட்டையோடு வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இறங்கிப் பார்த்தான். பட்டன் எல்லாம் அப்படியே இருந்தது. கன்னம்தான், அதாவது டயரின் பக்கவாட்டு, குளத்து வண்டல் காய்ந்தது மாதிரி கோடு கோடாக வெடித்துப் பிளந்திருந்தது. மாதம் முடிவதற்குள் இன்னும் இரண்டு போயின. வண்டியைக் கல் முட்டுக் கொடுத்து வீட்டு வாசலில் நிறுத்தினான். கரிக் குத்தகைக்காரர், ஆவணி வரைக்கும் பார்ப்பேன், அதற்கு மேல் வேறு வண்டி பேசிவிடுவேன் என்று ஆள் அனுப்பினார். வண்டி போனால் திரும்ப மாட்டின் வாலைத்தான் பிடிக்க வேண்டும். அந்த நினைப்பே அவனைச் சோறு தின்னவிடவில்லை.

ஊர் சிரித்தது. பல் பார்த்து டயர் வாங்கினவன் என்று டீக்கடையில் பேர் வைத்தார்கள். ஜெபதுரை கூமாப்பட்டிப் பக்கம் போகவில்லை. தேர்ந்தெடுத்தவர் அவர், நட்டம் எனக்கா என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தரகரும் பணம் கேட்டு வரவில்லை. ஆனி கடைசியில் அவருக்கு வாதம் வந்து வாய் இழுத்துக்கொண்டது என்று கேள்விப்பட்டான். போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தான். போவதற்குள் அவர் போய்விட்டார்.

கருமாதி முடிந்து, ஆடியில் ஒரு மத்தியானம், அவர் சம்சாரம் வெள்ளத்தாய் நடந்தே வந்தாள். ஜெபதுரையின் சம்சாரம் செல்லக்கனி தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள். அந்த அம்மாள் வாசலில் கல்லின் மேல் நின்ற வண்டியைப் பார்த்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள். சாகிறதுக்கு முந்தின நாள் தரகருக்குப் பேச்சு இல்லை. துண்டைக் கேட்டு ஜாடை காட்டினார். அவள் கையின் மேல் அதைப் போட்டுக்கொண்டு விரலைப் பிடித்தார். மூன்று, அப்புறம் நாலு. பிறகு மோட்டார் ஓட்டுகிற மாதிரி கையைத் திருப்பிக் காட்டினார். சந்தைப் பக்கமே போகாத பெண்பிள்ளைக்கு அதில் என்ன புரியும்?

"அவியளுக்குத் தெரிஞ்ச மோட்டாரு உங்க மோட்டாருதான் தம்பி. முப்பத்தி நாலு ரூவா கணக்குன்னு நெனைக்கேன். நாங்க உங்களுக்குத் தரணும் போல. டயரு வகையில உங்களுக்கு நட்டமாமே. ஒரு கிடேரி நிக்கு. வித்துத் தந்திருதேன்."

கடன் வாங்கின ஜெபதுரையின் வாசலில், கடன் கொடுத்தவர் சம்சாரம் பணம் தர வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். அது வேண்டாம், முப்பத்து நான்கு ரூபாய் நான்தான் தர வேண்டும் என்று சொன்னால்கூட அவள் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போவாள். தரகர் எதை நினைத்து விரல் பிடித்தாரோ, அதுவும் யாருக்குத் தெரியும்? வசூல் பண்ணு என்றாரா, அந்த நட்டத்துக்கு ஈடு பண்ணு என்றாரா? கேட்க ஆள் இல்லை. உள்ளே செல்லக்கனியின் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அண்ணாச்சி என்னையப் பத்தி ஏதும் சொன்னாகளா மதினி, வாய் இருக்கும்போது?"

"சந்தைக்கே போகல தம்பி. பல்லு பார்த்துப் பொழைச்சவன் பல்லாலயே கெட்டேன்னு சொல்லிச் சொல்லிப் படுத்துக்கிட்டாக."

அவன் எழுந்து நின்றான்.

"தர வேண்டியது நாந்தான் மதினி. முப்பத்தி நாலு இல்ல. முந்நூத்தி நாப்பது. கிடேரிய விக்காதீக. எங்கிட்ட இன்னைக்கு இருக்கது தொண்ணூறு ரூவா, டயருக்குன்னு வச்சது. இப்பவே எடுத்துக்கோங்க."

வெள்ளத்தாய் திரும்பவும் வண்டியைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"அதை வாங்கிட்டா மிச்சத்தை எதை ஓட்டித் தருவீக? மொதல்ல அதுக்குக் காலைப் போடுங்க. பொறவு தாங்க." வாசலில் இறங்கியவள் நின்று கேட்டாள். "இந்தத் தடவ எதைப் பாத்து எடுப்பீக?"

மூன்று ராத்திரி அதையே யோசித்தான். வெடித்த மூன்று டயரையும் வாசலில் வரிசையாகப் போட்டு, கத்தியால் அறுத்து, உள்ளே நூல் எங்கே விட்டிருக்கிறது என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தான். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தராத பாடம். முந்நூற்று நாற்பது ரூபாய் கொடுத்துப் படித்த பாடம்.

ராஜபாளையம் ரயிலடிப் பக்கம் தேவநேசன் என்று ஒருவன் கடை போட்டிருந்தான். பட்டாளத்தில் வண்டி பழுது பார்த்துவிட்டுத் திரும்பியவன். ஜெபதுரை அங்கே போய்ப் புது டயரைத் தொடவே இல்லை. பாதி தேய்ந்த பட்டன் டயர்களாகப் பார்த்து நிழலில் இழுத்துப் போட்டான். மண்டியிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றின் கன்னத்தையும் வளைத்து, நகத்தால் கீறி, முகர்ந்து பார்த்தான். ஈரத்துணியால் துடைத்து வெடிப்பு தெரிகிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்தான்.

"என்னவே, டயரை மோந்து பாக்கீரு? பணியாரமா?"

"பல்லைப் பாத்து ஒரு தடவ ஏமாந்தாச்சு. இப்போ கன்னத்தைப் பாக்கேன்."

"நீருதானா அந்த ஆளு" என்று தேவநேசன் சிரித்தான். ஆனால் சிரித்து முடித்ததும் அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். பாதி தேய்ந்தது எதற்கு என்று கேட்டான். முழுப் பட்டன் ரோட்டில் தேய்ந்து காசைத் தின்னும், மொட்டை மணலில் சிக்கி நிற்கும், பாதி தேய்ந்தது இரண்டுக்கும் நடுவில் போகும் என்றான் ஜெபதுரை. ஓடை மணலுக்கு அது காணாதே என்று தேவநேசன் மடக்கினான். காணாதுதான். மணல் வந்தால் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வேன், ஏறினதும் பம்பு அடிப்பேன், கை எனக்கு இருக்கிறது என்று பதில் வந்தது. இரண்டு டயர் எண்பது ரூபாய். பின்சக்கரத்துக்குப் போட்டான். முன்னால், மிஞ்சிய ஒன்றும் ஒட்டுப் போட்ட மொட்டை ஒன்றும்.

ஆவணி முடிவதற்குள் வண்டி கல்லிலிருந்து இறங்கியது. ஓடைக்கு இந்தக் கரையில் காற்றை இறக்குவான், அந்தக் கரையில் பம்பு அடிப்பான். உள்ளங்கை கொப்பளித்துக் காய்ப்பு ஏறியது. ஐப்பசி மழையில் பெரிய லாரிகளே பாதையில் புதைந்து கிடந்தபோது, இந்த அரை லாரி ஒதுங்கிக் கடந்துபோனதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். டீக்கடைப் பேர் மட்டும் மாறவில்லை. அவனும் மாற்றச் சொல்லவில்லை. அந்தப் பேரில் பாதி இருளப்பசாமி அண்ணாச்சிக்கும் உரியது என்று இருந்துவிட்டான்.

பங்குனியில் ஒரு காலை, வண்டியை எடுத்துக்கொண்டு கூமாப்பட்டிக்குப் போனான். வெள்ளத்தாய் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். கிடேரி சினையாக நின்றது. வந்த காரியத்தைச் சொன்னதும் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். தரகரின் துண்டோடு வந்தாள். கையை நீட்டி அதன் மேல் துண்டைப் போட்டாள். பண விஷயம் என்றால் துண்டுக்குள்தான் என்று அவள் கண்டது அவ்வளவுதான்.

ஜெபதுரை துண்டை எடுத்து மடித்து, அவள் தோளில் போட்டான். பக்கத்து வீட்டில் இருவர் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று மடியிலிருந்து பத்து ரூபாய்த் தாள்களை எடுத்து, ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி அவள் கையில் வைத்தான்.

"முப்பத்தி நாலு."

"நான் சொன்ன கணக்குத்தானே" என்றாள் அவள். சிரிக்க முயன்றாள், முடியவில்லை. தாள்கள் எல்லாம் இருந்த கையை மூடாமல், வெயிலில் விரித்தபடியே வைத்திருந்தாள்.