திரையில் காட்டாத இடம்

காய்ச்சல் தொடங்கிய அன்று என் கணவர் யோகன் குளித்துவிட்டு வந்து, முற்றத்து வெயிலில் நின்றபடியே குளிருகிறது என்றார். தலையைத் துவட்டிய துவாயை உடம்பில் சுற்றிக்கொண்டு அப்படியே நின்றார். பற்கள் அடித்துக்கொண்டன.

அவர் வீடுகளுக்கு மின்னிணைப்பு வேலை செய்பவர். நான் இணுவிலுக்கு அருகில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். இதை வாசிக்கும் உங்கள் வீட்டிலும் யாராவது காய்ச்சலோடு படுத்திருக்கலாம். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க அவருக்குத் தெம்பில்லை. பக்கத்து வீட்டிலிருக்கும் அவருடைய தங்கை வசந்தி, “போனிலேயே டொக்டரைப் பாக்கலாம் மச்சாள்” என்று தன் கைப்பேசியைக் கொண்டுவந்தாள். சிறிது நேரத்தில் திரையில் ஒரு டொக்டர் வந்தார். நல்ல பொறுமைசாலி.

“தொண்டை நோகுதோ?”

“ஓம், விழுங்கேக்கை கொஞ்சம்.”

“வாயை வெளிச்சத்துக்குக் காட்டுங்கோ. சரி, அன்ரிபயோட்டிக் (நுண்ணுயிர்க்கொல்லி) ஒண்டு எழுதுறன். அஞ்சு நாளும் போடுங்கோ. குறையேல்லையெண்டா நேரிலை ஆரிட்டையாவது காட்டுங்கோ.”

மருந்துச்சீட்டு படமாக வந்தது. அதைக் காட்டி பாமசியில் குளிசை (மாத்திரை) வாங்கினேன். அன்று பின்னேரம் அவர் வியர்த்து, இரண்டு இடியப்பம் சாப்பிட்டார். குளிசை வேலை செய்கிறது என்று நம்பினேன். காய்ச்சல் இறங்கியது கூடவே கொடுத்த பரசிற்றமோலால் (காய்ச்சலைத் தற்காலிகமாகத் தணிக்கும் மருந்து) என்பது பிறகுதான் தெரிந்தது.

ஐந்தாம் நாள் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடும்போது அதைக் கண்டேன். இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள்ளே, தொடை இடுப்போடு சேரும் மடிப்பில் ஒரு கறுப்புப் பொருக்கு. சுருட்டால் சுட்டது போல வட்டமாக, ஓரம் சிவந்து இருந்தது.

“இதென்னப்பா?”

“சாரம் உரஞ்சினதாக்கும். நோகேல்லை. விடும்.”

நோகவில்லை என்றதால் நானும் விட்டுவிட்டேன்.

ஆறாம் நாள் காய்ச்சல் முன்னையதைவிடக் கூடுதலாக ஏறியது. நேரில் காட்டச் சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அவர் எழும்பி நடக்கவே சிரமப்பட்டார். கைப்பேசியோ கட்டிலுக்கே வந்தது. இந்த முறை வேறொரு டொக்டர். முன்பு எழுதிய மருந்தைக் கேட்டார், வேறொன்றை எழுதப் போனார். எழுதுமுன் கேட்டார்.

“தோலிலை தடிப்பு, காயம் ஏதும் இருக்கோ?”

வசந்தி கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். யோகன் என்னைப் பார்த்தார். அண்ணனின் சாரத்தை விலக்கி அந்த இடத்தைத் தங்கையின் முன்னால் காட்டுவதா? வாயால் சொன்னால் காட்டச் சொல்வாரே.

“இல்லை டொக்டர்” என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு மேலும் இரண்டு நாட்கள் போயின. இரண்டாவது அன்ரிபயோட்டிக்கை நேரம் தவறாமல் கொடுத்தேன். அவருடைய கண்கள் சிவந்தன. கூப்பிட்டால் இரண்டாம் மூன்றாம் முறைதான் திரும்பினார். களைப்பு என்று நினைத்தேன். காது அடைக்கத் தொடங்கியிருந்தது.

எட்டாம் நாள் காலை அவர் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். “மெயின் சுவிச்சை நிப்பாட்டும். ஆரோ வயரிலை கை வைச்சிருக்கிறாங்கள்” என்றார். அறையில் என்னைத் தவிர யாருமில்லை. “நான் ஆர் எண்டு தெரியுதோ?” என்று கேட்டேன். அவர் சுவரையே தடவினார். மூச்சு, ஓடிவந்தவருடையது போல இருந்தது.

ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நோயாளர் வோட்டில் ஒரு இளம் பெண் டொக்டர் குளிசை மட்டைகளை வாங்கிப் பார்த்தார். பிறகு தாதியிடம், “மிஸ், திரையை இழுத்துவிடுங்கோ” என்றார். காதின் பின்புறம், கமக்கட்டு (அக்குள்), முதுகு என்று ஒவ்வொரு இடமாகக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே கீழே வந்தார். அந்த மடிப்பில் கை நின்றது.

“இது எப்ப இருந்து?”

“நான் கண்டு மூண்டு நாள்.”

“அதுக்கு முன்னம் பத்தை வெட்டினவரோ?”

வெட்டியிருந்தார். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீட்டு வளவு ஒன்றில், கிணற்று மோட்டாருக்கு வயர் இழுப்பதற்காக ஒரு நாள் முழுக்கப் புதர் மண்டிய பற்றையை வெட்டியிருந்தார்.

“இது உண்ணிக் காய்ச்சல் (பற்றையில் வாழும் மிகச்சிறிய உண்ணியின் குஞ்சு கடிப்பதால் வருவது). இவர் குடிச்ச ரெண்டு மருந்தும் இந்தக் கிருமிக்குக் கேக்காது. டொக்சிசைக்கிளின் எண்ட மருந்து கேக்கும். இப்ப நெஞ்சிலையும் பிடிச்சிட்டுது.”

“போனிலை கேட்டவை டொக்டர். நான் இல்லையெண்டு சொன்னனான்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “இப்ப சொல்லிட்டீங்கள்தானே, அம்மா” என்று சொல்லிவிட்டு ஊசி எழுதப் போனார். பிழைப்பாரா என்று கேட்டதற்கு, “ரெண்டு நாள் பாப்பம்” என்றார்.

அவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஐந்து நாட்கள் அங்கே இருந்தார். கதவுக்கு வெளியே கிடந்த நீள வாங்கில் நானும் வசந்தியும் உட்கார்ந்திருந்தோம். இரண்டாம் நாள் அவளிடம் அந்தக் காயத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கைப்பேசியைப் பைக்குள் வைத்தாள். பிறகு, “என்னை வெளியாலை போகச் சொல்லியிருக்கலாமே மச்சாள்” என்றாள்.

இவ்வளவு எளிதான வழி அன்று எனக்குத் தோன்றவில்லை. இதை வாசிப்பவர்களிடம் நான் கேட்பது அதை மட்டுந்தான். அறையில் நிற்பவர்களை வெளியே அனுப்புங்கள். உடம்பில் கண்டதைச் சொல்லுங்கள். நோகாததையும் சொல்லுங்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. மூச்சு சீராக மேலும் இரண்டு நாட்கள் சென்றன. வோட்டுக்குத் திரும்பிய பிறகு, நான் “இல்லை” என்று சொன்னதை அவரிடமும் சொன்னேன்.

“நானும் கேட்டுக்கொண்டுதானே கிடந்தனான். எனக்கும் வாய் இருந்ததுதானே” என்றார்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. இடது காது இன்னும் மந்தம். ஏணியில் ஏறினால் முழங்கால் நடுங்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் சுவரைத் தடவியதும் அவருக்கு நினைவில்லை. அந்த நாட்களைப் பற்றி யாரோ ஒருவரைப் பற்றிக் கேட்பதுபோல என்னிடம் கேட்கிறார்.

முப்பது வருடம் பக்கத்தில் படுத்த உடம்பு. அது உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்பதை இப்போதுதான் அறிகிறேன். மூச்சை எண்ணுவதற்கு வோட்டில் தாதி ஒருவர் பழக்கிவிட்டார். மதியம் யோகன் கண்ணயரும்போது கட்டிலருகே கதிரையைப் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ணுகிறேன். வழமையான பதினெட்டு வந்தாலும் நம்பிக்கை வராது. மறுபடி எண்ணுகிறேன்.

உண்மையில் அவர் தூங்குவதில்லை. எண்ணி முடிக்கும்வரை கண்ணை மூடிக்கொண்டு, எனக்காக ஒரே சீராக மூச்சு விடுகிறார்.