பன்னிரண்டாவது ஆளின் கால்

2023 ஏப்ரல் ஆறு, பெரிய வியாழன், மாலை ஐந்து மணி நாற்பது நிமிடம். காற்று என்பதே இல்லை. ஆலயத்து வாசல் வேம்பில் ஓர் இலைகூட அசையவில்லை. உள்ளே பதினாறு மின்விசிறிகளும் சேர்ந்து சூட்டைத்தான் சுற்றிச் சுற்றிப் பரிமாறிக்கொண்டிருந்தன. ஆறரைக்கு ஆராதனை. பன்னிரண்டு நாற்காலிகள் போட்டிருந்தேன். பதினோரு பேர் வந்திருந்தார்கள்.

எங்கள் சபையைச் சேராதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இயேசு சிலுவைக்குப் போவதற்கு முந்திய இரவு தம் சீடர்களின் கால்களைக் கழுவித் துடைத்தார்; நீங்களும் இப்படியே ஒருவருக்கொருவர் செய்யவேண்டும் என்றார். அதன் நினைவாக ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று எங்கள் ஆயர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு ஆண்களின் கால்களைக் கழுவுவார். ஆள் பிடிப்பது, நாற்காலி போடுவது, தண்ணீர் வைப்பது என் பொறுப்பு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாரிடம் எண்ணிக்கை உள்ள வேலையைக் கொடுத்துவிட்டால் அவர் மற்ற வேலைகளில் தலையிடமாட்டார் என்று சபையில் ஒரு நம்பிக்கை.

இதில் எங்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஆயர் கையால் கழுவப்போகும் கால் அழுக்காக இருக்கலாமா? கூடாது. ஆகவே பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே குதிகாலைக் கல்லால் தேய்த்து, நகம் வெட்டி, சந்தன சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் வருவார்கள். ஒரு வருடம் ஒருவர் பவுடரும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். தண்ணீர் பட்டதும் அது மாவாகிப்போய், ஆயர் அவர் ஒருவரிடமே வெகுநேரம் இருக்கவேண்டியதாயிற்று. வரும் வழியில் தூசி ஒட்டுமே என்ற கவலையில் நான் வேறு வாசலில் ஒரு பக்கெட் தண்ணீரும் சோப்பும் வைப்பேன். ஆக, ஆயர் கழுவுவது மூன்றாவது கழுவல்.

ஆறு மணிக்குப் பன்னிரண்டாமவர் போன் செய்தார். பங்குனித் திருவிழாப் பந்தலைப் பிரித்து ஏற்றும் லாரி ராஜ வீதியில் குறுக்கே நிற்கிறது, காரை முன்னாலும் எடுக்க முடியவில்லை, பின்னாலும் எடுக்க முடியவில்லை என்றார். இறங்கி நடந்து வாருங்கள் என்றேன். நடந்தால் கால் அழுக்காகிவிடுமே என்றார்.

உள்ளே வேறு ஆண்கள் இல்லாமல் இல்லை. நான்கு பேரைக் கேட்டேன். நால்வரும், முன்னாலேயே சொல்லியிருந்தால் தயாராக வந்திருப்போம் என்று காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்கள். மணி ஆறு இருபத்திரண்டு. வெளியே ஓடினேன். எதிர் டீக்கடையில் எங்கள் மதில் வீட்டு நெசவாளி உட்கார்ந்திருந்தார்.

அவருடைய தறியும் எங்கள் ஆலயமும் ஒரே மதிலின் இரண்டு பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் மரியாதைக்குத் தறியை நிறுத்திவைப்பார். பிரசங்கம் நீண்டுபோனால் மட்டும் ஒரே ஒரு தட்டுத் தட்டுவார். ஆயரும் புரிந்துகொண்டு முடித்துவிடுவார். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிறவர், வயது அறுபதை ஒட்டி. விஷயத்தைச் சொன்னேன். டீயைக் குடித்து முடித்தார்.

"எந்த சாமியா இருந்தா இன்னா சார், கால் கழுவி வுடறேன்னா வேணாம்னா சொல்வாங்க?"

வாசல் பக்கெட்டைக் காட்டினேன். அவர் நிற்கவேயில்லை.

"அதான் உள்ள கழுவப் போறாங்களே. எதுக்கு ரெண்டு தபா?"

பதினைந்து வருடமாக நான் அந்தப் பக்கெட்டை வைக்கிறேன். இந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை.

ஆயர் வரிசையாக வந்தார். பதினோரு ஜோடிக் கால்களிலும் சந்தன வாசனை. பன்னிரண்டாவது நாற்காலிக்கு முன் மண்டியிட்டார். நெசவாளியின் இடதுகால் புழுதியாக இருந்தது. வலதுகால் கட்டைவிரலில் மஞ்சள் பூசிய சீலைத்துணி சுற்றியிருந்தது. ஆயர் அதை அவிழ்த்ததும் வந்த வாடை மூன்றாவது வரிசைவரைக்கும் போயிற்று. விரலின் நுனி கறுத்திருந்தது.

"அத வுட்டுடுங்க சாமி. இந்தக் கால மட்டும் கழுவுங்க, போதும்" என்று நெசவாளி மெல்லச் சொன்னார்.

ஆயர் இடதுகாலைக் கழுவினார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் குடிதண்ணீர் கேன் கொண்டுவரச் சொல்லி, புண்ணின் மேல் மெதுவாக ஊற்றி, ஒரு புதுத் துண்டால் சுற்றினார். எழுந்து, தம் இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்து என் தோளில் போட்டார். நாளை காலை இவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போங்கள் என்று என் காதில் சொன்னார்.

நாளை புனித வெள்ளி, மூன்று மணி நேர ஆராதனை, இரண்டாம் பாடம் நான்தான் வாசிக்கிறேன் என்றேன்.

"பாடம் வாசிக்க ஆள் இருக்காங்க சார். இவர நீங்கதான கூட்டினு வந்தீங்க" என்றார் ஆயர்.

விடுமுறை நாள் என்பதால் அவசரப் பிரிவில்தான் பார்த்தார்கள். சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு. பெண் டாக்டர், என் மாணவிகளின் வயதுதான் இருக்கும், சுற்றி வளைக்காமல் சொன்னார். ஒரு மாதம் பார்க்கலாம். கறுப்பு மேலே ஏறினால் பாதத்தை எடுக்கவேண்டும். ஏறாமல் நின்றால் விரலோடு போகும். தினமும் ஊசி, தினமும் கட்டு, காலைக் கீழே ஊன்றவே கூடாது. உடனே சேர்ந்துகொள்ளவும் சொன்னார். நெசவாளி மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவருடைய அண்ணன் விரலைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போய், முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் திரும்பியவராம். அதனால்தான் இவர் இரண்டு மாதம் மஞ்சள் பூசி மறைத்திருக்கிறார். தறியில் வேறு ஒரு முகூர்த்தச் சேலை பாதியில் நிற்கிறது. மாம்பழ மஞ்சள் உடம்பு, அரக்குக் கரை. வைகாசிக் கல்யாணத்துக்குப் போகவேண்டியது. தவறினால் முதலாளி அடுத்த சேலைக்கான பாவு நூலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்.

தினமும் ஆட்டோவில் போய்வர அவர் ஒப்பவில்லை. அவர் மனைவி பட்டுக்கடை ஒன்றில் சேலை மடிக்கும் வேலைக்கு ஒன்பது மணிக்கே போய்விடுவார். புண்ணைப் பார்த்தால் மயக்கம் வேறு. ஆகவே ஊசியை அவரே போட்டுக்கொள்ளக் காட்டிக்கொடுத்துவிட்டு, நர்ஸ் என்னை உட்காரவைத்துக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்தார். கறுப்பு எதுவரை இருக்கிறதோ அந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவைக்கவும் சொன்னார். கோட்டைத் தாண்டினால் அன்றைக்கே வரவேண்டும்.

எனக்குக் கிருமி என்றால் பயம். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால்கூட வீட்டுக்கு வந்து இரண்டு முறை கை கழுவுகிறவன். கைக்கு இரண்டு உறை, முகத்துக்கு இரண்டு மாஸ்க் என்று மாட்டிக்கொண்டு போய் அவர் முன்னால் உட்கார்ந்தேன்.

"இன்னா சார், கால்ல கட்டு போட வந்தீங்களா, பாம்பு புடிக்க வந்தீங்களா?"

முதல் வாரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கட்டினேன். புண்ணைப் பார்த்துக் கட்டுங்கள் சார், மூஞ்சியில் ஒன்றும் இல்லை என்றார். இரண்டாவது வாரம் ஒரு மாஸ்க் போதும் என்று தோன்றியது. அவர் மனைவி கிளம்பும்போது, வாத்தியார் சொன்னால் கேட்பார், தறிப்பக்கம் விடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போவார். வாத்தியார் சொன்னதை அவர் எதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மூன்றாவது ஞாயிறு. ஆயர் பிரசங்கத்தைத் தொடங்கி நான்கு நிமிடம்தான் ஆகியிருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் தறி ஒரு தட்டுத் தட்டியது. அதற்குள்ளாகவா என்று ஆயரே ஜன்னலைப் பார்த்தார். இன்னொரு தட்டு. பிறகு இன்னொன்று. எனக்கு உடனே புரிந்துவிட்டது. வாரத்தில் நான் நிச்சயமாக வெளியே வரமுடியாத நேரம் ஆராதனை நேரம் ஒன்றுதான். ஆள் அதைக் கணக்குப் பண்ணித் தறியில் இறங்கியிருக்கிறார். எழுந்தேன். இன்னும் ஆசீர்வாதம்கூட ஆகவில்லையே என்று என் மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். விடுவித்துக்கொண்டு நடந்தேன்.

தறிக்குழிக்குள் இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்திருந்தார். வலதுகாலில் பாலித்தீன் பையைக் கட்டியிருந்தார். பைக்குள் கட்டுத்துணி சிவந்திருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். பேனாக் கோட்டைக் கறுப்பு ஒரு நூல் தாண்டியிருந்தது. காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இன்னும் அஞ்சு மொழம்தான் சார் இருக்குது. கால் போச்சுன்னா ஒக்காந்துக்கினு சாப்டலாம். தறி போச்சுன்னா எத சாப்டறது?"

டாக்டர் சொன்னதையெல்லாம் மறுபடி வரிசையாகச் சொன்னேன். அவர் எழுந்திருக்கவில்லை. நெய்வதற்குக் கை போதாதா என்று கேட்டேன். கை நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளும், மிதியை யார் மிதிப்பது என்றார். குழியை எட்டிப் பார்த்தேன். இரண்டு மிதிகள். மாற்றி மாற்றி மிதிக்கவேண்டும், அவ்வளவுதான். நகர்ந்து உட்காருங்கள் என்று சொல்லி, ஆராதனைக்குக் கட்டிய வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"அப்டியே எறங்காதீங்க சார். பட்டு. கால கழுவிக்கினு எறங்கணும்."

சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்த சொம்பை எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே குனிந்து என் காலில் தண்ணீர் ஊற்றினார். விரலிடுக்கில் இருந்த மண்ணைத் தம் கையாலேயே தேய்த்துவிட்டார். இத்தனை வருடமும் நாற்காலி போட்டவனே தவிர, நான் அதில் ஒரு தடவையும் உட்கார்ந்ததில்லை. என் காலை இன்னொருவர் கழுவியது அன்றைக்குத்தான்.

குழிக்குள் இருவர் நெருக்கி உட்காரலாம். அவருடைய வலதுகாலைத் தூக்கி வெளியே ஒரு மணையில் வைத்தேன். இடது, வலது என்று அவர் சொல்ல, நான் மிதித்தேன். ஒன்று, இரண்டு என்று நான் வாய்விட்டு எண்ண, அவர் சொல்வதும் நான் எண்ணுவதும் மோதி, மூன்று இடத்தில் தப்பாக மிதித்துவிட்டேன். மூன்றாவது முறை நாடாவைக் கீழே வைத்தார்.

"எண்ணாதீங்க சார். மிதிங்க."

எண்ணாமல் ஒரு வேலை செய்வது எவ்வளவு கடினம் என்று என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். ஆராதனை முடிந்து மதில் ஓரமாக வந்த ஆயர் ஜன்னல் வழியே எங்கள் இருவரையும் பார்த்தார். "இன்னிக்கி தறி தாளம் தப்புச்சேன்னு பாத்தேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

நெசவாளியிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். கோடு தாண்டிவிட்டது, இப்போதே ஆஸ்பத்திரிக்கு வந்தால் நாளை முதல் என் கால் உங்களுக்கு. வந்தார். மருந்தை மாற்றினார்கள். மறுநாளிலிருந்து காலையில் கட்டு, அதன்பின் இரண்டு மணி நேரம் மிதி என்று ஆயிற்று. தக்காளி வாங்கிவரச் சொன்னால் மூட்டு வலிக்கும், தறி மிதிக்க மட்டும் வலிக்காதா என்று என் மனைவி கேட்டாள். இரண்டுக்கும் வலித்தது. ராத்திரியில் தைலம் தேய்த்துக்கொண்டே அந்தக் கோட்டைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். விடிந்ததும் போய்க் கட்டை அவிழ்க்கும்போது நெசவாளி கண்ணை மூடிக்கொள்வார். இருக்குதா, ஏறிச்சா என்று கேட்பார். ஒரு வாரம், அப்படியே இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் ஒருநாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்துவிட்டு, கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது என்றேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. இன்னொரு தபா சொல்லுங்கள் என்றார்.

மே மாதம் டாக்டர் கட்டைவிரலின் நுனியை மட்டும் எடுத்தார். பாதம் அப்படியே இருக்கிறது.

"அவங்க காலு கேட்டாங்க. நாம பேரம் பேசி அரை வெரல்ல முடிச்சுட்டோம் சார்" என்று வார்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்கு நான்கு நாள் முன்பே சேலையைத் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்தாகிவிட்டது. முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, உடம்பில் மூன்று இடத்தில் கோடு விழுந்திருப்பதைக் கண்டுபிடித்துக் கூலியில் எழுநூறு ரூபாய் பிடித்தாராம். யார் இப்படி மிதித்தது என்று கேட்டதற்கு, எம்மெஸ்ஸி படித்தவர் என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். அந்த எழுநூறை நான் கொடுத்தபோது வாங்க மறுத்தார். கோடு என்னுடையது, காசும் என்னுடையது என்று சொல்லி, அவர் மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த பாவு அவருக்கே வந்திருக்கிறது. இப்போது அவரே மிதிக்கிறார்.

எண்ணாமல் மிதிக்கப் பழகிவிட்டேன், கணக்குப் பார்க்காமல் இருக்கத்தான் இன்னும் வரவில்லை. ஆட்டோ, பஞ்சு, கட்டுத்துணி, கையுறை, மாஸ்க், என் மூட்டுத் தைலம், சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்துச் செருப்பு ஒரு ஜோடி, சேலையில் பிடித்த எழுநூறு, எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு ஏழாயிரத்து இருநூற்று எண்பத்தாறு ரூபாய்.