அப்பாவின் தொண்ணூற்றேழு

இப்போது நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் யாராவது ‘டேட்டா பொய் சொல்லாது’ என்று ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். வாதாடத் தெம்பில்லை. இறுதியாண்டில் நான் செய்த ப்ராஜெக்ட்டை நினைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

தொலைவில் இருக்கும் நோயாளியின் உடல்நிலையை வயர்லெஸ் மூலம் கண்காணிப்பது. எங்கள் துறையில் வருஷா வருஷம் யாராவது இந்தத் தலைப்பை எடுத்து, தங்கள் விரலையே சென்சாரில் வைத்துக் காட்டி மார்க் வாங்கிப் போவார்கள். எங்களிடம் நிஜமான நோயாளி இருந்தார். என் அப்பா.

அப்பா தூத்துக்குடியில் சங்கு குளித்தவர். வாலிபத்தில் மூச்சடக்கிக் கடலில் இறங்கினார், பிறகு பல வருஷம் காற்றுக்குக் கம்ப்ரசர் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்கினார். கடைசியில் நுரையீரல் கெட்டுப்போனது. இனி கடல் வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டுங்கள், ரத்தத்தில் ஆக்சிஜன் தொண்ணூறுக்குக் கீழே போனால் அன்றைக்கே வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நானோ இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய கல்லூரியில், விடுதியில் இருந்தேன். ப்ராஜெக்ட்டும் ஆச்சு, அப்பாவைப் பார்த்துக்கொண்டதாகவும் ஆச்சு என்று மனக்கணக்குப் போட்டேன்.

கருவி என்று சொன்னாலும் அது ஒரு சோப்பு டப்பாதான். விரல் நுழைய ஓர் ஓட்டை, உள்ளே ஆக்சிஜன் அளக்கும் சென்சார், சிம் போட்ட ஒரு போர்டு, மேலே நம்பர் காட்டும் சின்னத் திரை. விரல் அரை நிமிஷம் உள்ளே இருந்தால் ரீடிங் என் போனுக்கு வந்துவிடும். உப்புக் காற்றில் அதன் பின்களில் பச்சை பூத்துக்கொண்டே இருக்கும். நான் வீட்டிலிருந்து தூக்கி வருவேன். ப்ராஜெக்ட்டில் கூட்டாளியான என் தோழி சுரண்டுவாள், நான் சால்டரிங் வைப்பேன், மறுபடியும் பஸ். அந்த நாலு மாதமும் நான் வகுப்பில் விழித்திருந்ததாக நினைவில்லை.

எங்கள் தெரு மாதா கோயிலில் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை திரிகால செபத்துக்கு மணி அடிக்கும். “மணி அடிச்சதும் விரலை வைங்கப்பா” என்று சொல்லிவிட்டு வந்தேன். டப்பா வீட்டில் இருந்த நாளில் அவர் ஒரு வேளைகூடத் தவறவில்லை. தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு. “இவ்வளவு ஸ்மூத்தான கிராஃப் நான் பாத்ததே இல்லம்மா” என்றார் கைடு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு நாள் அம்மா போன் செய்தாள். “ஏளா, அப்பா நாலு படி ஏறுததுக்குள்ள உக்காந்துருதாவ. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

“தொண்ணூத்தேழு காட்டுதும்மா. நீங்க சும்மா பயப்படுதிய. ஆஸ்பத்திரிக்கு அடுத்த மாசம் போய்க்கிடலாம்.”

இதைச் சொன்னது நான்தான். அலுப்பில் சொன்னேன் என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்.

வைவாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பின்களை மாற்றுவதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். மதிய மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. அப்பா டப்பாவுக்கு முன்னால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கண்களை மூடியிருந்தார். செபம் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். தோள் மெல்ல உயர்ந்தது, இறங்கியது, மறுபடி உயர்ந்தது. வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, குதிப்பதற்கு முன்னால் குளியாட்கள் மூச்சை ஏற்றுவார்களே, அதே மாதிரி. மணி அடித்தது. கடைசியாக ஒருமுறை நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு விரலை உள்ளே விட்டார். தொண்ணூற்றேழு. அவர் உதடு ஊதா நிறத்தில் இருந்தது.

“என்னப்பா பண்ணுதிய?”

“மூச்சு ஏத்துதேன். இல்லன்னா நம்பர் ஏற மாட்டுக்குல்லா.”

“எதுக்கு ஏத்தணும்?”

“கொறச்சுக் காட்டுனா ஒனக்கு மார்க்கு கொறஞ்சிருமுல்லா. மொத நாளு எண்பத்தெட்டுன்னு வந்துச்சு. அனுப்புததுக்கு முன்னாடி வெரலை வெடுக்குனு உருவிட்டேன்.”

கத்தினேன். அவரையா, என்னையா என்று தெரியாமல் கத்தினேன். எதற்கு இந்த டப்பா என்று அவருக்கு ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லாதவள் நான். ‘ப்ராஜெக்ட்டுக்குப்பா’ என்று மட்டும் சொல்லியிருந்தேன். கால்மணி நேரம் அவரிடம் பேச்சுக் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, சும்மா விரலை வைக்கச் சொன்னேன். எண்பத்தாறு. அவர் உருவப் பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிஷம் கழித்து என் பையில் போன் சிணுங்கியது. அம்மா ஆட்டோ பிடிக்க ஓடினாள். ஆஸ்பத்திரியில் அன்றைக்கே படுக்க வைத்துவிட்டார்கள், இன்னும் கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்றார் டாக்டர்.

வைவாவுக்கு முதல் நாள் தோழி, “அந்தக் கடைசிப் புள்ளியை மட்டும் எடுத்துருவோமா? நாலு மாசம் ஒழுங்காத்தான இருக்கு” என்றாள். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை, அவளும் தூங்கிப் பல நாளாகியிருந்தது. வேண்டாம் என்றேன்.

தேர்வாளர் அதையே தொட்டார். “கடைசியில சென்சார் லூஸ் ஆயிடுச்சாம்மா?”

“இல்ல சார். அது ஒண்ணுதான் சரி. மத்ததெல்லாம் எங்கப்பா மூச்சு ஏத்தி வச்சது.”

அவர் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று எட்டிப்பார்க்க எனக்குத் தெம்பில்லை. நேராக பஸ் ஏறி வார்டுக்கு வந்தேன்.

நர்ஸ் அப்பாவின் விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அப்பா கண்களை மூடி மூச்சை இழுக்க ஆரம்பித்தார். தோளில் கைவைத்து, “சும்மா இருங்கப்பா” என்றேன். திரையில் எண்பத்தொன்பது வந்தது.

“கொறஞ்சிட்டு பாத்தியா” என்றார், என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

“கொறையட்டும்ப்பா” என்றேன். “ப்ராஜெக்ட் முடிஞ்சிட்டு.”