மெஷினுக்குச் சரி, தவறு சொன்னவன்

தண்டவாளத்தின் பக்கமே போகாமல், தண்டவாளத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குவது என் தொழில். ரயில்வேயில் ரிட்டையரான பிறகு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கிடைத்தது. இன்ஜின் முகப்பில் கேமரா. போகிற போக்கில் லைனைப் படம் எடுத்துக்கொண்டே வரும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்து, இங்கே கிளிப் இல்லை, அங்கே விரிசல் என்று சிவப்புக் கட்டம் போடும். தண்டவாளத்தை ஸ்லீப்பர் கட்டையோடு பிடித்துவைக்கிற இரும்புக் கொக்கிதான் கிளிப். கட்டம் சரியா தவறா என்று நான் பட்டனை அமுக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரே நாற்காலி, ஒரே பட்டன் என்று இருப்பவர்கள் உங்களிலும் நிறையப் பேர் உண்டு. ஆறுதல் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள்

மனைவி போன பிறகு படப்பை வீட்டில் நான் மட்டும். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பதில் வணக்கம் சொல்ல ஆரம்பித்தேன். பயம் வந்துவிட்டது. அதற்குத்தான் இந்த வேலை. நாலு மனுஷர் நடமாடுகிற இடமாக இருந்தால் போதும்.

டீம் லீடர் தீபா, பிள்ளைப்பாக்கத்துப் பெண். நான் பட்டனை அமுக்க அமுக்க மெஷின் கற்றுக்கொள்ளும் என்று விளக்கினாள். முழுக்கக் கற்றுக்கொண்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னாள்:

"அப்புறம் நீங்க நிம்மதியா வூட்ல இருக்கலாம் சார்!"

அந்நியப் பொருள்

தண்டவாளத்தின் குறுக்கே அந்நியப் பொருள் என்று ஒரு கட்டம். பார்த்தால் நிழல். தோளில் சுத்தியலோடு ஒரு மனிதனின் நிழல். தினமும் லைனில் நடந்து, கழன்ற கிளிப்பை அடித்து உட்காரவைக்கிற கீமேன் வண்டிக்கு ஒதுங்கி நின்றிருக்கிறார். ஆள் படத்தில் இல்லை. நிழல் மட்டும் விழுந்திருக்கிறது.

'தவறு' என்று அமுக்க ஒரு நொடி போதும். நான் அமுக்கவில்லை. வாரக்கணக்கில் கட்டையும் ஜல்லியும் பார்த்த கண். தலைப்பாகை கட்டியிருக்கிறாரா, தொப்பியா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் தீபாவின் குரல்:

"இன்னா சார், தெரிஞ்சவரா?"

கேன்டீன்

கேன்டீனில் எல்லோரும் காதில் வயரைச் சொருகிக்கொண்டுதான் சாப்பிடுவார்கள். ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிற திருநெல்வேலிக்காரர் முருகேசனும் அப்படித்தான். அன்றைக்கு அவர் போனில் சார்ஜ் இல்லை. அதனால் என்னிடம் பேசினார். என்ன வேலை என்று கேட்டார். மெஷினுக்குச் சொல்லித்தருகிறேன் என்றேன். சாம்பார்க் கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டார்.

"அது பாஸாயிட்டா வாத்தியார வீட்டுக்கு அனுப்பிருவாவளே, ஐயா! கொஞ்சம் தப்புத்தப்பாச் சொல்லிக்குடுங்க!"

சந்தேகம்

மறுநாள் முருகேசன் போனில் சார்ஜ் இருந்தது.

படத்தில் சந்தேகம் வந்தால் அந்தப் பகுதிக் கீமேனுக்குப் போன் செய்யலாம் என்று விதி. வாலாஜாபாத் பக்கம் நடக்கிறவர் ஏழுமலை. எனக்குச் சந்தேகம் அடிக்கடி வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கூடுதலாக வந்தது. போகிற வழியில் பாருங்கள் என்பேன். பார்த்துச் சொல்வார். நான் போனை வைக்காமல், அங்கே மழை உண்டா, ஆடு மாடு குறுக்கே வருகிறதா என்று இழுப்பேன். ஒரு நாள் அவரே நிறுத்திக் கேட்டார்:

"கிளிப்பெல்லாம் நல்லாத்தான் கீது சார். நீங்க நல்லா கீறீங்களா?"

வளைவு

படங்கள் குறைந்துகொண்டே வந்தன. மெஷின் நிழலுக்குப் பயப்படுவதை விட்டது. இலை மூடிய கிளிப்பைக் காணோம் என்று கத்துவதை விட்டது. சாயங்காலம் வரை இருந்த வேலை சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்தது. அடுத்து நான்தான் என்று தெரிந்துவிட்டது.

அப்போது வந்தது அந்தப் படம். ஒரு வளைவு. 'கிளிப் நழுவியிருக்கலாம், உறுதியில்லை' என்றது மெஷின். பெரிதாக்கினேன். நழுவித்தான் இருந்தது. துரு மூடியதால் அதற்குச் சந்தேகம், எனக்கு இல்லை.

விரல் 'தவறு' மேல் போய் நின்றது. இதை அமுக்கிவிட்டு ஏழுமலையிடம் வாயால் சொல்லிவிடலாம். கிளிப் சரியாகிவிடும். மெஷின் முட்டாளாகவே இருக்கும். நாற்காலி எனக்கு இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்?

நான் வராத நாளில் இதே மாதிரி இன்னொன்று வரும். தவறு என்று நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை வைத்து மெஷின் அதைத் தள்ளிவிடும். மேலே வண்டி போகும். வண்டியில் ஜனம் இருக்கும்.

'சரி'யை அமுக்கினேன். ஏழுமலை போய் அடித்து உட்காரவைத்தார். தீபா திரையைப் பார்த்துக் கைதட்டினாள்.

"துருப் புடிச்சதைக்கூட இனிமே அதுவே கண்டுபுடிச்சிடும் சார்! யாரும் சொல்லவே வேணாம்!"

கடைசி நாள்

திரையில் 'பார்க்க எதுவும் இல்லை' என்று இருந்தது. காலையிலிருந்தே அப்படித்தான். தீபா என் கணக்கை முடித்து, ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்துவிட்டு, மீட்டிங் இருக்கிறது என்று போய்விட்டாள். ஷேர் ஆட்டோ பிடித்து அப்போதே போயிருக்கலாம். போகவில்லை. ஏழுமலைக்குப் போன் செய்ய எண்ணி எடுத்தேன். சந்தேகம் என்று சொல்லிக்கொள்ளக்கூட ஒரு படம் இல்லை. வைத்துவிட்டேன்.

விளக்கை அணைக்க வந்த செக்யூரிட்டி என்னைப் பார்த்து நின்றார். புது ஆள். என்னைத் தெரியாது.

"வேல முடிஞ்சும் இன்னாத்துக்குப் பெருசு குந்திகினு கீற? வூட்ல தேடுவாங்க, கெளம்பு!"

நான் சொன்னதைத் தட்டாமல் கேட்டது என் ஆயுளில் அந்த மெஷின் ஒன்றுதான். அதனாலேயே எனக்கு வேலை போயிற்று.