படைத்த மோதகமும் பழுப்புத் தொட்டியும்

எங்கள் வீட்டின் பக்கச் சந்தில் ஒரு பழுப்புத் தொட்டி நிற்கிறது. மொன்றியலின் வில்லரேப் பகுதியில் இருக்கும் இந்த மூன்றடுக்கு வீட்டில் மூன்று குடும்பங்கள். சமையல் கழிவு போட மூவருக்கும் அது ஒன்றுதான். வாழைக்காய்த் தோலா, மீன் முள்ளா, யார் வீட்டில் என்ன சமையல் என்பதை மூடியைத் திறந்தாலே சொல்லிவிடலாம். இது நன்றாகத் தெரிந்தும் நான் அந்த மோதகங்களை அதற்குள்தான் போட்டேன். புத்தி என்று ஒன்று எனக்கு இருந்தால், அன்றைக்கு அது லீவில் போயிருக்க வேண்டும்.

நாங்கள் கீழ்வீடு. கிறிஸ்தவர்கள், யாழ்ப்பாணத்துப் பேச்சில் சொன்னால் வேதக்காரர். மேல்வீட்டு அக்கா சைவம், என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியசாலையில் வேலைக்குச் சேர்ந்தபோது என் மகளுக்கு இரண்டு வயது. கணவருக்கும் மாலை வேலை. மகளை விட்டிருந்த குழந்தைக் காப்பகம், இங்கே கார்டரி என்பார்கள், ஆறு மணிக்கு மூடிவிடும். எனக்கோ பஸ் பிடித்து, மெட்ரோ மாறி வந்து சேர ஆறரை ஆகும். மூன்று வருடம் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தது அக்காதான். முழங்கால் அளவு பனி கிடந்த நாள்களிலும் தவறியதில்லை. இன்றைக்கு வாயைத் திறந்தால் பிரெஞ்சாகக் கொட்டும் என் மகளுக்குக் கொஞ்சம் தமிழ் வருகிறது என்றால், அது மேல்வீட்டுத் தமிழ். அக்கா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் "என்ன பிள்ளை" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். ஐம்பது வயதுக்காரியைப் பிள்ளை என்று கூப்பிட இந்த ஊரில் எனக்கு வேறு ஆளில்லை.

வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் முன்னறையில் ஜெபக்கூட்டம் நடக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். போன வருடம், கூட்டத்தை நடத்தும் அண்ணை என்னிடம் ஒரு பொறுப்பைத் தந்தார். கிறிஸ்தவம் எப்படித் தொடங்கியது, எப்படிப் பரவியது என்று நாலு கிழமைக்கு, வாரம் ஒன்றாக, நான் பாடம் எடுக்க வேண்டும். ஊரில் நான் சரித்திரம் படிப்பித்தவள். இங்கே பெட்டிகளில் ஸ்டிக்கர் ஒட்டுகிறவள். யாராவது என்னிடம் சரித்திரம் கேட்க மாட்டார்களா என்று இருபது வருடம் காத்திருந்தவளுக்கு இது போதாதா? நூலகத்துக்குப் போய்க் குறிப்பெடுத்தேன். கையால் எழுதி, நகல் எடுத்து, ஆளுக்கொரு தாள் கொடுத்தேன். நாலு பாடத்துக்கான தாள்களும் முதல் கிழமையே தயாராகிவிட்டன. அவ்வளவு ஆசை.

எழுத எழுத எனக்கே புதிதாக இருந்தது. அந்த முதற் காலக் கிறிஸ்தவர்களுக்குக் கோயில் கட்டிடம் ஒன்றும் கிடையாது. யாருடைய முன்னறை பெரிதோ அங்கேதான் கூடினார்கள். பரப்பியவர்களில் பெரும்பாலோர் ஓரிடத்தில் நிற்க முடியாதவர்கள். துணி வியாபாரிகள், கப்பலில் போனவர்கள், ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு வேறு ஊரில் கூடாரம் தைத்துப் பிழைத்த ஒரு கணவன் மனைவி. பிள்ளைகள் வீட்டு மொழியை விட்டுக் கிரேக்கத்தில் பேசினார்கள். ஒரு ஊரிலிருந்து கடிதம் வந்தால் எல்லாரும் சுற்றியிருக்க ஒருவர் உரத்து வாசிப்பார். "எங்களைப் போலத்தானே!" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்றாவது பாடம் கொரிந்து பட்டணத்தில் நடந்த சாப்பாட்டுச் சண்டை. அங்கே சந்தையில் விற்ற இறைச்சியில் பாதி, கோயில்களில் படைத்துவிட்டு வந்தது. புதிதாக இயேசுவை ஏற்றுக்கொண்டவர்கள் அதைச் சாப்பிடலாமா கூடாதா என்று இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். அந்தக் கணவன் மனைவியோடு சேர்ந்து கூடாரம் தைத்த அப்போஸ்தலர், சாப்பாட்டில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார். ஆனால் முன்பு சிலைகளைக் கும்பிட்டு வந்த ஒருவருடைய மனது அதனால் புண்படுமென்றால் சாப்பிடாமல் விடுங்கள் என்றார். அயலவர் விருந்துக்குக் கூப்பிட்டால் போங்கள், வைத்ததைச் சாப்பிடுங்கள், துருவித் துருவிக் கேட்காதீர்கள் என்றும் சொன்னார். இதையெல்லாம் என் தாளில் அழகாக எழுதிவைத்திருந்தேன்.

அந்தப் பாடத்துக்கு முந்தின வெள்ளி. நாங்கள் பாடி முடித்து உட்காரும் நேரம் கதவு தட்டுப்பட்டது. மேல்வீட்டு அக்கா நெற்றி நிறைய விபூதியோடு நின்றார். கையில் ஒரு பெரிய சில்வர் டப்பா.

"இண்டைக்குப் பிள்ளையார் சதுர்த்தி. கோயிலிலை படைச்சுப்போட்டுக் கொண்டு வாறன். வெள்ளிக்கிழமை இஞ்சை ஆக்கள் வருவினம் எண்டு தெரியும், அதுதான் முப்பது மோதகம் அவிச்சனான். ஆறமுதல் எல்லாருக்கும் குடும் பிள்ளை."

வாங்கிக்கொண்டேன். சிரித்தேன். அக்கா படியேறிப் போனதும் முன்னறைக்குத் திரும்பினேன். எல்லாரும் அண்ணையைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சைவக் குடும்பத்திலிருந்து வந்தவர். இயேசுவை ஏற்றுக்கொண்டதற்காக வீட்டாரை இழந்தவர். சொந்தத் தகப்பனின் செத்தவீட்டில் அவரை முற்றத்துக்கு அப்பால் விடவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். "பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டு, நான் டப்பாவைக் குசினிக்குள் அடுப்பருகே வைத்தேன். கூட்டம் முடிந்தது, தேத்தண்ணீர் குடித்தோம், ஒருவரும் மோதகத்தைக் கேட்கவில்லை. போகும்போது அண்ணை மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, அதை வீட்டிலை வச்சிருக்காதேங்கோ."

மறுநாள் காலை முப்பதையும் தாளில் சுற்றினேன். மேசையில் கிடந்த மூன்றாம் பாடத்தின் தாள்கள்தான் கைக்கு அகப்பட்டன. எப்படியும் இரண்டு மூன்று பிரதி கூடுதலாக எடுத்திருந்தேன். பழுப்புத் தொட்டியில் போட்டு மூடினேன். டப்பாவைக் கழுவினேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற வழக்கத்தை மட்டும் மறக்கவில்லை, பாருங்கள். நிறையத் திராட்சைப் பழம் போட்டு மேலே கொண்டுபோனேன்.

"எல்லாரும் சாப்பிட்டவையோ?" என்று அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா. நல்ல ருசி எண்டவை."

ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தது அந்தப் பொய்.

திங்கட்கிழமை வேலைக்குப் புறப்பட்டுச் சந்தால் வரும்போது அக்கா தொட்டியருகே நின்றார். ஒரு கையில் மரக்கறித் தோல் நிறைந்த கிண்ணம். மற்றக் கையில் எண்ணெய் ஊறிய ஒரு தாள். என் கையெழுத்து. மூடி திறந்தே கிடந்தது. அவர் தாளை மறுபடி தொட்டிக்குள் போட்டார், மூடியைச் சாத்தினார், என்னைப் பார்த்தார்.

"பொன்ஜூர்" என்றார்.

பதினேழு வருடத்தில் முதல் தடவை. மூலைக்கடை டெப்பனரில் பால் வாங்கும்போது காசாளரிடம் சொல்கிற அதே பிரெஞ்சு வணக்கம். செவ்வாயும் அதுதான், புதனும் அதுதான். பேசாமல் விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மரியாதையாக, குறையில்லாமல், ஓர் அந்நியருக்குச் சொல்வதைச் சொன்னார். மெட்ரோவில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, கோபமும் வந்தது. கோபம் முதலில் அண்ணைமேல் வந்தது. அது நியாயமில்லை என்பதும் அழுதபடியே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் பாடத்தை நான் எடுத்தாக வேண்டும். கொரிந்து என்று தொடங்கினேன், சந்தை, இறைச்சி என்று போனேன், வைத்ததைச் சாப்பிடுங்கள் என்ற இடத்தில் தாளை மடித்து வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். தொட்டியை, தாளை, பொய்யை, எல்லாவற்றையும்.

அண்ணை தன் தாளைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "எனக்கு மோதகத்திலை வெறுப்பெண்டு நினைக்கிறீங்களோ? எங்கடை அப்பா சதுர்த்திக்குத் தன்ரை கையாலை அவிச்சுத் தருவார். ஒண்டு கடிச்சனெண்டா நான் அழுதுபோடுவன் தங்கச்சி. அந்தப் பயத்திலைதான் சொன்னனான். என்னாலை ஏலாது, அவ்வளவுதான். ஆனா அந்த அக்காவுக்கு நீங்கள் உண்மையைச் சொல்லியிருக்கலாமே. எங்களிலை ஒருத்தர் சாப்பிடமாட்டார் எண்டு சொன்னா அவ விளங்கியிருப்பா."

இருபது வருடமாக அந்த 'புண்படும் மனது' என்ற சொற்களைக் கேட்டிருக்கிறேன். ஏதோ பலவீனம் என்று நினைத்திருந்தேன். அது ஒரு மனிதனுக்குத் தகப்பனின் நினைவு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அண்ணையின் மனதைக் காப்பாற்றுகிறேன் என்று நான் மிதித்தது இன்னொருவரின் மனதை. இரண்டையும் காப்பாற்ற ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது, அதைச் சொல்லத் துணிவில்லாமல் மோதகத்தை எறிந்திருக்கிறேன். அந்த முதற் காலத்தாருக்கும் இதேதான் பாடாயிருந்திருக்கும். புத்தகத்தில் அது கொள்கைச் சண்டையாகத் தெரிகிறது. இருந்தவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரரின் முகமாகத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் படியேறினேன். முதலில் கேக் ஒன்று வாங்கிக்கொண்டு போகத்தான் நினைத்தேன். பிறகு, பையும் பணமுமில்லாமல் ஊர் ஊராகப் போய், வைத்ததைச் சாப்பிடச் சொல்லி இயேசு அனுப்பிய சீடர்களின் நினைவு வந்தது. அவர்களைப் பற்றியும் நான் பாடம் எடுத்தவள்தான். கையை வீசிக்கொண்டு போனேன். எதையாவது கொடுத்துச் சரிக்கட்டுகிற வேலை இந்தத் தடவை வேண்டாம் என்று தோன்றியது.

கதவைத் திறந்த அக்கா "பொன்ஜூர்" என்று தொடங்கினார்.

"அக்கா, நான் பொய் சொன்னனான்" என்றேன். "ஒருத்தரும் சாப்பிடேல்லை. நான்தான் எறிஞ்சனான். எங்கடை ஆக்களிலை ஒருத்தருக்குப் படைச்சது சாப்பிட ஏலாது. அதை உங்களுக்குச் சொல்லப் பயந்துபோனன்."

"எறிஞ்சது தெரியும்" என்றார் அக்கா. "தாளையும் வாசிச்சனான். வச்சதைச் சாப்பிடச் சொல்லி வடிவா எழுதியிருந்தீர். எழுதினது நீர்தானே?"

"ஓம்."

"அப்ப ஏன்?"

படியேறியபோது மனதில் அடுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் போய்விட்டது. கொத்தமல்லி வதங்கும் வாசனை உள்ளேயிருந்து வந்தது. "அக்கா, எனக்குப் பசிக்குது" என்றேன். "ஏதும் இருந்தாத் தாங்கோ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு விலகி வழிவிட்டார். உள்ளே போய் மேசையருகே உட்கார்ந்தேன். அன்றைக்குப் புரட்டாதிச் சனி விரதம். சாமித்தட்டில் எள்ளெண்ணெய் விளக்கு எரிந்தது. காகத்துக்கென்று பல்கனியில் வைத்த சோற்றை ஒரு கொழுத்த மொன்றியல் அணில் தின்றுகொண்டிருந்தது. அக்கா அதை விரட்டவில்லை. விளக்கின் முன்னால் இருந்த படையல் இலையிலிருந்து சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அள்ளித் தட்டில் போட்டுக் கொண்டுவந்தார். ஆனால் என் முன்னால் வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டே நின்றார்.

"இது சாமிக்கு வச்சது. தெரிஞ்சுகொண்டுதான் கேக்கிறீரோ?"

"ஓம் அக்கா. தெரிஞ்சுதான்."

வைத்தார். எனக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் கண்ணை மூடி, வழக்கப்படி சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி ஜெபித்தேன், அவர் காத்திருந்தார். சாப்பிட்டேன். ஒவ்வொரு கவளமும் உள்ளே போகிறதா என்று பார்ப்பவர்போல என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். குழம்பில் உறைப்பு கூட. கண்ணில் நீர் வந்ததற்கு அதுதான் காரணம் என்று அவர் நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டேன். கடைசிப் பருக்கையையும் வழித்து எடுத்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

அக்கா எழுந்து கரண்டியை எடுத்தார்.

"என்ன பிள்ளை," என்றார், "இன்னும் கொஞ்சம் போடட்டோ?"

"போடுங்கோ அக்கா" என்று தட்டை நீட்டினேன்.